தோஹாவில் அந்த கோல் இல்லையென்றால் இந்தியா உண்மையிலேயே அடுத்த சுற்றுக்குப் போயிருக்குமா?

ஓரக்கோடு கேட்டது:

2026 கால்பந்து உலகக் கோப்பைக்கான ஆசியத் தகுதிச் சுற்றில் நாம் இருந்த ஏ பிரிவு பற்றி ஒரு சந்தேகம். கத்தார், குவைத், ஆப்கானிஸ்தான், இந்தியா. முதல் இரண்டு அணிகள் மூன்றாம் சுற்றுக்குப் போகும், கூடவே 2027 ஆசியக் கோப்பைக்கும் நேரடி இடம். கடைசி ஆட்டம் 2024 ஜூன் 11, தோஹா. சாங்டே அடித்த கோலில் நாம் முன்னிலையில் இருந்தோம், 73-வது நிமிடத்தில் கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை உள்ளே இழுத்துவிட்டு கத்தார் கோல் அடித்தது, ரெஃப்ரி விசிலே ஊதவில்லை. அன்றிலிருந்து யாரைக் கேட்டாலும் அந்த ஒரு கோல்தான் நம்மைக் கவிழ்த்தது என்கிறார்கள். எனக்கு அது முழுசாக ஒட்டவில்லை. நாம் தோற்றது 2-1. அந்த கோலைக் கழித்தால் 1-1 தானே? டிரா செய்திருந்தால் போயிருப்போமா? பட்டியலை வைத்து யாராவது சொல்லுங்கள்.

இன்னொன்று, நமக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் தலா 5 புள்ளி. அவர்களிடம் நாம் தோற்றும் இருக்கிறோம். பிறகு எப்படி நாம் மூன்றாவது, அவர்கள் நான்காவது?

மைய வட்டம்:

இரண்டாவது கேள்வி சுலபம், முதலில் அதை முடித்துவிடுகிறேன். இந்தச் சுற்றில் புள்ளி சமமானால் மொத்த கோல் வித்தியாசம்தான் முதலில், நேருக்கு நேர் ஆட்டங்கள் அப்புறம்தான். நமக்கு மைனஸ் 4. ஆப்கானிஸ்தானுக்கு மைனஸ் 11, ஏனென்றால் முதல் ஆட்டத்திலேயே கத்தாரிடம் 8-1, அடுத்ததில் குவைத்திடம் 4-0 என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். நேருக்கு நேர் முதலில் என்று இருந்திருந்தால் நாம்தான் கடைசி, அவர்களோடு ஆடிய இரண்டில் நமக்கு ஒரு புள்ளி, அவர்களுக்கு நான்கு.

இப்போது தோஹா. இறுதிப் பட்டியலில் கத்தார் 16, குவைத் 7, நாம் 5, ஆப்கானிஸ்தான் 5. டிரா செய்திருந்தால் 6, குவைத்துக்குக் கீழேதான். ஆக நீங்கள் சொல்வது சரி, அந்த கோலை மட்டும் கழித்தால் எதுவும் மாறாது. ஜெயித்திருந்தால்தான் 8, இரண்டாம் இடம்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். கடைசி நாள் தொடங்கும்போது கத்தார் 13, நாம் 5, ஆப்கானிஸ்தான் 5, குவைத் 4. இன்னொரு மைதானத்தில் குவைத்தும் ஆப்கானிஸ்தானும் 80 நிமிடம் வரை 0-0. அந்த நிலையில் நாம் 1-1 என்றாலும் நமக்கு 6, ஆப்கானிஸ்தானுக்கு 6, குவைத்துக்கு 5, கோல் வித்தியாசத்தில் நாம்தான் இரண்டாவது. அதாவது அந்த அநியாய கோல் விழுந்த பிறகும் கணக்குப்படி நாம் உள்ளேதான் இருந்தோம்! 81-வது நிமிடத்தில் குவைத் அடித்த கோல்தான் நம்மை வெளியே தள்ளியது. 85-ல் கத்தாரின் அல் ராவி இரண்டாவது கோல் அடித்தது அதற்கு மேல் ஒரு மிதி.

பெஞ்சுல_ஒருத்தன்:

கணக்கு சரி அண்ணே, ஆனால் ஆட்டம் கணக்குப் புத்தகத்தில் நடப்பதில்லை. அந்தக் காட்சியை மறுபடி பாருங்கள். ஃப்ரீ கிக், கத்தாரின் யூசுஃப் அய்மன் தலையால் முட்டுகிறார், நம் கோல்கீப்பர் குர்பிரீத் தடுக்கிறார், பந்து அவர் மேல் பட்டு மெதுவாக உருண்டு கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கோட்டைத் தாண்டுகிறது. கோல்கீப்பரும் டிஃபென்ஸும் விசிலை எதிர்பார்த்து அப்படியே நிற்கிறார்கள். ஹாஷ்மி அல் ஹுசைன் வெளியே இருந்து பின்னுக்கு இழுக்கிறார், அய்மன் தட்டிவிடுகிறார். லைன்ஸ்மேன் கொடியும் தூக்கவில்லை. இந்தச் சுற்றில் வி.ஏ.ஆர். (வீடியோ பார்த்துத் தீர்ப்பைச் சரிபார்ப்பது) கிடையாது, நம் ஆட்கள் சூழ்ந்துகொண்டு கத்தியும் ஒன்றும் நடக்கவில்லை. அதன் பிறகு அணி தலை தொங்கிப் போனது, கொஞ்ச நேரத்தில் இரண்டாவதும் விழுந்தது. முதல் கோல் இல்லையென்றால் இரண்டாவது கோல் அப்படியே வந்திருக்கும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? 1-0 என்ற நிலையில் 73-வது நிமிடம் வரை தாக்குப் பிடித்தவர்கள் மிச்சத்தையும் பிடித்திருப்பார்கள். அன்று ஆடியதும் கத்தாரின் முழு அணி இல்லை, ஏற்கெனவே தகுதி பெற்றுவிட்டதால் இளைஞர்களைத்தான் இறக்கியிருந்தார்கள்.

நம் கால்பந்து சம்மேளனம் புகார் கொடுத்தது, முடிவு மாறவில்லை, ஒரு வாரத்துக்குள் பயிற்சியாளர் ஸ்டிமாச்சை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவ்வளவுதான் நமக்குக் கிடைத்த நீதி.

கவிதா_ரைட்பேக்:

அநியாயம் நடந்தது, அதில் இரண்டு கருத்தே இல்லை. (சரியான தீர்ப்பு கத்தாருக்கு கார்னர், கடைசியாகப் பட்டது குர்பிரீத் மேல். இதை யாரும் சொல்வதில்லை.) ஆனால் தோஹாவைப் பிடித்துக்கொண்டு தொங்குவது நம் ஆட்களுக்கு ரொம்ப வசதியாகப் போய்விட்டது.

இந்தப் பிரிவு கைவிட்டுப் போனது குவஹாத்தியில். 2023 நவம்பரில் குவைத் மண்ணிலேயே மன்வீர் கோலில் 1-0 ஜெயித்துவிட்டு வந்தோம், அருமையான தொடக்கம். கத்தாரிடம் புவனேஸ்வரில் 3-0 தோல்வி, அது எதிர்பார்த்ததுதான். அடுத்து இருந்தது ஆப்கானிஸ்தானோடு இரண்டு ஆட்டம். அவர்களுடைய முன்னணி வீரர்கள் பலர் சொந்தச் சம்மேளனத்தோடு சண்டை போட்டுக்கொண்டு வரவே இல்லை, சொந்த நாட்டில் ஆட மைதானமும் இல்லாமல் சவூதியில் அபாவில் ஆடினார்கள். அங்கே 0-0. ஐந்து நாள் கழித்து குவஹாத்தியில், கேப்டன் சேத்ரியின் 150-வது ஆட்டம், அவர் பெனால்டியில் முன்னிலை கொடுக்கிறார், 70-வது நிமிடம் வரை முன்னிலை. அப்புறம் அக்பரி ஒன்று, 88-வது நிமிடத்தில் குர்பிரீத் விட்டுக்கொடுத்த பெனால்டியில் இன்னொன்று. 1-2. அந்த ஓர் ஆட்டத்தை ஜெயித்திருந்தால் நமக்கு 8 புள்ளி, குவைத்துக்கு 7. தோஹாவில் ரெஃப்ரி என்ன செய்தாலும் நமக்குக் கவலை இல்லை.

அது போனால் போகட்டும், ஜூன் 6 கொல்கத்தா? சால்ட் லேக்கில் சேத்ரியின் விடைபெறும் ஆட்டம், எதிரே குவைத். ரஹீம் அலிக்கு ஒரு அருமையான வாய்ப்பு, தனியாகப் போனார், கோல்கீப்பரைத் தாண்ட முடியவில்லை. 0-0. அங்கே ஒரு கோல் போதும், நமக்கு 7, குவைத்துக்கு 6, தோஹாவில் 2-1 தோற்றும் நாம் இரண்டாம் இடம்.

மைய வட்டம்:

கவிதா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆறு ஆட்டத்தில் நாம் அடித்தது மொத்தம் மூன்று கோல். மன்வீர் ஒன்று, சாங்டே ஒன்று, சேத்ரியின் பெனால்டி ஒன்று. இடையில் ஜனவரியில் ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா என்று மூன்று ஆட்டம் ஆடி ஒரு கோல்கூட இல்லை. 39 வயதில் போகிற சேத்ரிக்குப் பதில் ஸ்ட்ரைக்கர் யார் என்று கேட்டால் பதில் இல்லாத அணி, கடைசி நாள் கணக்குக்குப் போனதே பெரிய விஷயம். நம் லீக்கில் ஒன்பதாம் எண் இடத்தை, அதாவது ஸ்ட்ரைக்கர் இடத்தைப் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்களுக்கே கொடுத்துவிட்டு, தேசிய அணிக்கு மட்டும் ஆள் தேடினால் எங்கே கிடைப்பார்?

ஓரக்கோடு:

நன்றி, தெளிவாகிவிட்டது. நாம் இரண்டாவது வந்திருந்தால் மட்டும் மூன்றாம் சுற்றில் என்ன கிழித்திருப்போம் என்றும் ஒரு கேள்வி மனசில் ஓடுகிறது. நம் இடத்தில் போன குவைத், தென் கொரியா, ஈராக், ஜோர்டான், ஓமன், பாலஸ்தீனம் இருந்த பிரிவில் பத்து ஆட்டம் ஆடி ஒன்றுகூட ஜெயிக்காமல் கடைசியில்தான் முடித்தது.

பெஞ்சுல_ஒருத்தன்:

தோற்றால் என்ன தம்பி? சியோலிலும் பாஸ்ராவிலும் பத்து ஆட்டம் ஆடுவது நம் பையன்களுக்கு எப்போது கிடைக்கும்? அதோடு ஆசியக் கோப்பை இடம் கையில் இருந்திருக்கும். அதை விட்டதால் ஹாங்காங், சிங்கப்பூர், பங்களாதேஷ் என்று இன்னொரு பிரிவு, அதில் முதலாவது வந்தால்தான் இடம். ஓய்வு பெற்ற சேத்ரியையே திரும்பக் கூப்பிட்டு ஆடினோம். ஷில்லாங்கில் பங்களாதேஷோடு 0-0, ஹாங்காங்கில் கடைசி நேரப் பெனால்டியில் தோல்வி, மட்காவில் சிங்கப்பூரிடம் 1-2, டாக்காவில் 0-1. அதில் எந்த ரெஃப்ரியையும் குறை சொல்ல முடியாது, அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். தோஹா விஷயத்தில் மட்டும் என்னை விட்டுவிடுங்கள்.

கவிதா_ரைட்பேக்:

சரி, தோஹா உங்களுக்கு. குவஹாத்தியை நான் விடமாட்டேன்.