2.5 ஜி ஆக்சஸ் பாயின்டுக்கு கிகாபிட் ஸ்விட்ச் போதுமா?

மண்டபம்_வயரிங்:
ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வைஃபை போடுறோம். ஏஎக்ஸ்3000 ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னல் பரப்புற பெட்டி) ஆறு, எல்லாத்துலயும் 2.5 ஜி போர்ட், அதாவது விநாடிக்கு 2.5 கிகாபிட். ஸ்விட்ச் 8 போர்ட் கிகாபிட் பிஓஇ (நெட் கேபிள் வழியாவே கரன்டும் கொடுக்கிற வகை), மொத்த பவர் 65 வாட். ஃபைபர் லைன் 300 மெகாபிட். டப்பாவுல 3000னு போட்டிருக்கு, கிகாபிட் போர்ட்ல மாட்டினா வேகம் வீணாப் போயிடாதா? 2.5 ஜி ஸ்விட்ச் வாங்கச் சொல்றாங்க. சாப்பாட்டுக் கூடத்து பாயின்ட் மட்டும் 94 மெகாபிட்டைத் தாண்டவே மாட்டேங்குது, அது ஏன்?

வைகைக்கரை:
வாங்காதீங்க. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில 574 மெகாபிட், 5 கிகாஹெர்ட்ஸ்ல 2402, ரெண்டையும் கூட்டி 3000 ஆக்கியிருக்காங்க. அந்த 2402 வரணும்னா சேனல் அகலம் 160 மெகாஹெர்ட்ஸ் வைக்கணும். ஆறு பாயின்ட் இருக்கிற மண்டபத்துல அப்படி வச்சா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி எல்லாமே மந்தமாயிடும். 40 வைங்க. அதுல ரெண்டு ஆன்டெனா உள்ள போனுக்கு லிங்க் (இணைப்புல காட்டுற வேகம்) 574, கைக்கு வர்றது 350 – 400. 80 வச்சாலும் லிங்க் 1201, நிஜத்துல 700 – 800 தான். கிகாபிட் போர்ட் 940 வரைக்கும் கொடுக்கும். அதோட காத்துல ஏத்துறதும் இறக்குறதும் மாறி மாறித்தான் நடக்கும். கேபிள்ல ரெண்டும் ஒரே நேரத்துல ஓடும். உங்க லைனே 300 தானே!

வீடியோ எடுக்கிறவங்க மண்டபத்துக்குள்ளயே ஒரு ஸ்டோரேஜ் வச்சு வைஃபை வழியா பெரிய ஃபைல் ஏத்தினா மட்டும் 2.5 ஜி பத்தி யோசிக்கலாம். அப்பவும் அந்த ஸ்டோரேஜ் மாட்டுற போர்ட்தான் முதல்ல நெருக்கும்.

கிரிம்பிங்_டூல்:
94 வந்தா லிங்க் 100-லயே நிக்குதுன்னு அர்த்தம். 100-க்கு 1, 2, 3, 6 கம்பிகள் போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேணும். ஆரஞ்சும் பச்சையும் சரியா இருந்து, நீலத்துலயோ பிரவுன்லயோ ஒண்ணு விட்டுப்போனா தானா 100-க்கு இறங்கிடும். பிஓஇ வந்து லைட்டும் எரியறதால யாருக்கும் சந்தேகமே வராது. ரெண்டு முனை பிளக்கையும் வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, எட்டு கம்பியும் முனை வரைக்கும் போய் முட்டியிருக்கணும்.

கம்பியைச் சுரண்டியும் பாருங்க. உள்ளே வெள்ளையாத் தெரிஞ்சா செம்புப் பூச்சு போட்ட அலுமினியம். பிஓஇ ஓட்டத்துக்கு அது ஆகாது, சூடாகும், தூரத்துல வோல்டேஜ் விழும். முழுச் செம்பு கேட்-6 வகை கேபிள் இழுத்துடுங்க. நாளைக்கு 2.5 ஜி வேணும்னாலும் ஸ்விட்சை மட்டும் மாத்தினாப் போதும். நல்ல கேட்-5ஈ கூட 100 மீட்டர் வரைக்கும் 2.5 ஜி தாங்கும்.

திருநகர்_நெட்:
நான் பயப்படுறது 65 வாட்டுக்குத்தான். பாயின்ட் ஒண்ணு உச்சத்துல 15 வாட் இழுத்தா ஆறுக்கு 90. காலையில ஆள் இல்லாதப்போ ஓடும். முகூர்த்த நேரத்துல நானூறு போன் ஏறினதும் இழுப்பு கூடி, ஸ்விட்ச் ஏதாவது ஒரு போர்ட்டை அணைச்சுடும். பாயின்ட் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும், பழி வைஃபை மேல விழும். இன்னொண்ணு, பிஓஇ-ல ஏஎஃப், ஏடின்னு தரம் இருக்கு. ஏஎஃப் வகை போர்ட் 15.4 வாட் கொடுத்தாலும் கேபிள் முனையில 12.95-தான் கணக்கு. ஏடி வகைன்னா 30, முனையில 25.5. ஸ்விட்ச் மாத்தினா கிகாபிட்டே போதும். ஏடி வகையா, மொத்தம் 120 வாட்டுக்குக் குறையாம எடுங்க. அஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு அடியில மாட்டிடாதீங்க, சித்திரை வெயில்ல பவர் சப்ளை போயிடும்.

மண்டபம்_வயரிங்:
ரொம்ப நன்றிண்ணே. சாப்பாட்டுக் கூடத்து பிளக்குல பிரவுன் கம்பி முனைக்கு எட்டவே இல்ல. வெட்டிட்டு மறுபடி கிரிம்ப் பண்ணினதும் லிங்க் 1000 காட்டுது. ஏடி ஸ்விட்சுக்கு விலை கேட்டிருக்கேன்.