போர்ச் செய்திக்குள் நல்ல சேதியை எங்கே தேடுவது?

தேனி டீச்சர்

அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு எடுக்கிறேன். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு மாணவி தலைப்புச் செய்தி வாசிப்பாள். செய்திகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது என் வேலை. உலகச் செய்தி என்றால் காசா, உக்ரைன், சூடான். அத்தனையிலும் முதல் வரி இறந்தவர் எண்ணிக்கைதான். போன வாரம் வாசித்து முடித்த பிள்ளை, "அங்க எல்லாருமே செத்துட்டாங்களா டீச்சர்?" என்று கேட்டாள். போரை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், ஏதோ செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் 'நெஞ்சை உருக்கும்' பூனைக்குட்டி வீடியோ வேண்டாம். சரிபார்த்துச் சொல்லக்கூடிய செய்தியாக எங்கே தேடுவது?

பழைய டெஸ்க்

டீச்சர், ஒரு நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தொழில் ரகசியம் ஒன்று சொல்கிறேன். செய்தி நிறுவனங்கள் அனுப்பும் ஏஜென்சி காப்பியில் முக்கியமானது மேலே, மற்றது கீழே. இடம் போதாவிட்டால் கீழிருந்துதான் வெட்டுவோம். நீங்கள் தேடுவது பெரும்பாலும் பன்னிரண்டாவது பத்தியில் இருக்கும். எங்கள் கத்தரிக்கு முதலில் போவதும் அதுதான். அதனால் நாளிதழில் வந்ததோடு நிற்காமல், அதே செய்தியின் முழு வடிவத்தை இணையத்தில் கடைசி வரி வரை படியுங்கள்.

அப்புறம், 'நம்பிக்கை' என்று தேடாதீர்கள். உணர்ச்சிக் கட்டுரைதான் கிடைக்கும். நேற்று வரை நடந்த சாதாரண வேலையை இன்றைக்கு யார் செய்கிறார்கள் என்று தேடுங்கள். தடுப்பூசி, ரயில், பரீட்சை, தண்ணீர்க் குழாய், விதை. உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் அறிக்கைகள் சுவையே இல்லாமல் இருக்கும். சரக்கு அங்கேதான் இருக்கிறது.

காசாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஆகஸ்டில் டெய்ர் அல்-பலாவில் பத்து மாதக் குழந்தைக்குப் போலியோ உறுதியானது. அங்கே 25 ஆண்டுகளில் முதல் முறை. செப்டம்பர் 1 முதல் 12 வரை, மத்தி, தெற்கு, வடக்கு என்று பகுதி பகுதியாக, பகலில் சில மணி நேரம் மட்டும் சண்டையை நிறுத்தி, பத்து வயதுக்குட்பட்ட ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். மின்சாரம் இல்லாத ஊரில் மருந்தைக் குளிர்ச்சியாகவே வைத்திருக்க வேண்டும். கொடுத்தவர்களில் பலர் தாங்களே வீடிழந்து கூடாரத்தில் இருந்த உள்ளூர் சுகாதாரப் பணியாளர்கள். குழந்தைகளின் விரலில் மை வைத்தார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அந்த மை நன்றாகத் தெரியும், விளக்கவே வேண்டாம்.

இன்னொன்று சிரியா. அலெப்போவுக்கு அருகே தெல் ஹத்யாவில் இகார்டா என்ற ஆய்வு மையம் கோதுமை, பார்லி, பயறு, கொண்டைக்கடலை விதைகளைச் சேர்த்து வைத்திருந்தது. அவற்றின் நகல்களை நார்வேயின் ஸ்வால்பார்டு விதைப் பெட்டகத்துக்கும் அனுப்பி வைத்திருந்தார்கள். போரில் மையத்தைப் பயன்படுத்த முடியாமல் போனதும், 2015இல் ஸ்வால்பார்டில் இருந்து தங்கள் விதைகளைத் திரும்ப எடுத்தார்கள். அந்தப் பெட்டகத்தில் இருந்து யாரும் விதையை எடுத்தது அதுவே முதல் முறை. 'உலகம் அழியும் நாளுக்கான பெட்டகம் திறந்தது' என்று உலகமெல்லாம் தலைப்பு ஓடியது. எடுத்ததை லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, 2017இல் திருப்பி வைக்கத் தொடங்கினார்கள். பயங்காட்டும் தலைப்பு அதற்குப் பொருந்தாது, அதனால் அது சின்னச் செய்தியாகப் போயிற்று. பழைய போர்ச் செய்தியை எடுத்து, 'பிறகு என்ன ஆச்சு?' என்று கேட்டுப் பாருங்கள்.

முரண்

எனக்கு இதில் உடன்பாடில்லை. குண்டு போடுகிறவர்களுக்கு இந்த மாதிரிச் செய்திதான் வசதி. 'பாருங்கள், சொட்டு மருந்துகூடக் கொடுக்கவிட்டோம்' என்பார்கள். பிள்ளைகளும் போர் அவ்வளவு மோசமில்லை போல என்று நினைத்துக்கொள்வார்கள்.

கொக்குவிலான்

முரண் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்தச் செய்தியின் உள்ளே இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும், ரீச்சர்.

போர்க்காலத்தில், 1990 முதல் 95 வரை யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. பற்றரிக்கு அரசாங்கத் தடை, மண்ணெண்ணெய் ஆனை விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, திரி போட்ட விளக்கில் ஏ.எல் (உயர்தரப்) பரீட்சைக்குப் படித்தோம். இரவில் பிபிசி தமிழோசை கேட்க சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் மிதிப்பார், டைனமோவில் றேடியோ பாடும். என் தம்பி மிதித்துக்கொண்டே நித்திரை ஆவான், செய்தி பாதியில் நின்றுவிடும், அப்பா ஏசுவார்.

அந்த விளக்கைப் பற்றி எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பற்றரி ஏன் இல்லை, யார் தடை போட்டது என்பதையும் அதே இடத்தில் எழுத வேண்டும். தடையை விட்டுவிட்டு விளக்கை மட்டும் சொன்னால் எங்களை ஏதோ கைவினைக் கண்காட்சி நடத்தியவர்கள் ஆக்கிவிடுவீர்கள். 'தன்னம்பிக்கை' என்ற சொல்லும் வேண்டாம். எங்களுக்கு றேடியோ கேட்க வேண்டியிருந்தது, மிதித்தோம்.

இன்னொரு தகவல்: காசா போல எங்களுக்கும் 90களின் நடுவில் போலியோ மருந்துக்காகச் சண்டை நின்ற நாட்கள் உண்டு. இதில் முன்னோடி எல் சல்வடோர். 1985இல் அரசும் கெரில்லாக்களும் மூன்று நாட்கள் சுட்டுக்கொள்ளாமல் இருந்து தடுப்பூசி போடவிட்டார்கள். இதையெல்லாம் ஒரே வாரத்தில் அடுத்தடுத்து வாசிக்கச் சொன்னால் பிள்ளைகளே முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள்.

பழைய டெஸ்க்

கொக்குவிலான் சொன்னதை நான் டெஸ்க் விதியாகவே வைப்பேன். காசாவில் அடுத்த சுற்று அக்டோபரில் நடந்தபோது, வடக்கே குண்டுவீச்சு கடுமையாக இருந்ததால் அங்கே தள்ளிப்போனது. அதைச் சொல்லாமல் முதல் சுற்றை மட்டும் சொல்வது பாதிச் செய்தி. முரணுக்கும் அதுவே பதில்.

ஒரு எச்சரிக்கை, டீச்சர். படைகளே வெளியிடும் நல்ல செய்திகளை, எந்தப் படையாக இருந்தாலும், தனியே ஒதுக்கி வையுங்கள். சிப்பாய் குழந்தைக்கு மிட்டாய் கொடுக்கும் படம் எல்லாப் போரிலும் வரும்.

தேனி டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. திங்கட்கிழமைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: "காசாவில் 2024 செப்டம்பரில், சண்டை நின்ற சில மணி நேரங்களில், வீடிழந்த சுகாதாரப் பணியாளர்கள் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுத்தார்கள். அடுத்த சுற்று, குண்டுவீச்சால் வடக்குப் பகுதியில் தள்ளிப்போனது." சரியா?

பழைய டெஸ்க்

'வீடிழந்தவர்கள் உட்பட' என்று மாற்றுங்கள். எல்லோரும் வீடிழந்தவர்கள் என்று நமக்குத் தெரியாது. மற்றபடி அச்சுக்குப் போகலாம்.

கொக்குவிலான்

புதன்கிழமைக்கு எல் சல்வடோரை வையுங்கள், ரீச்சர். வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று கட்டாயம் கேட்பார்கள், முதலே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.