கூப்பனா, 555 புத்தகமா? மலேசியாவின் சுங்கை சிப்புட் மளிகைக் கணக்கு

சின்னக்கிராணி:
போன மாதம் மளிகையில் 27 வெள்ளி (ரிங்கிட்) மிச்சம். ஐந்து பேர் வீடு. மைலோ பானத் தூளுக்கு 3 வெள்ளி கூப்பன், சலவைத் தூளுக்கு 4 வெள்ளி, நூறு வெள்ளிக்கு மேல் வாங்கியதற்கு 10 வெள்ளி வவுச்சர், சேர்த்து வைத்த பாயிண்டில் 10. ரசீது கையில் இருக்கிறது. நம் ஆட்கள் இன்னும் 555 என்கிற சின்ன நோட்டுப் புத்தகத்தில் கடன் எழுதி வாங்குவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நான் சொல்வது தப்பா?

ரெண்டாம்லயம்:
27 வெள்ளி சரி கிராணி. எங்கே வாங்கினீர்கள்? ஈப்போவில்தானே? டோல் வேண்டாம் என்று பழைய சாலையில் போனாலும் போக வர சுமார் 60 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 ஓடுகிற கார் என்றால் 5 லிட்டர். பெட்ரோல் மானிய விலை லிட்டர் 1.99 என்று போட்டாலும் 10 வெள்ளி போச்சு. பிள்ளைகளையும் கூட்டிப் போயிருந்தால் ரொட்டி சானாய் யார் கணக்கு?

சின்னக்கிராணி:
ரொட்டி சானாய்க்கு மாமியார் காசு கொடுத்தார், அதைக் கிளறாதீர்கள். அம்மாவை ஆஸ்பத்திரி செக்கப்புக்குக் கூட்டிப் போகிற நாளில்தான் கடைக்கும் போகிறேன். அந்தப் பெட்ரோல் எப்படியும் செலவாகும். அதை மளிகையில் எழுதினால் எப்படி?

முருங்கைக்கீரை:
தம்பி, கூப்பன் எதற்கு வருகிறது என்று பார்த்தீர்களா? சீனி கிலோ 2.85, பாக்கெட் எண்ணெய் கிலோ 2.50, உள்ளூர் வெள்ளை அரிசி 10 கிலோ 26 வெள்ளி. இதெல்லாம் அரசாங்கம் கட்டிப்போட்ட விலை. ஈப்போவில் வாங்கினாலும் நம் ஊரில் வாங்கினாலும் அதற்கு மேல் கேட்க முடியாது. இதற்கு எவன் கூப்பன் அடித்துக் கொடுப்பான்? பருப்பு, மல்லி, வெங்காயம், நெத்திலி இதற்கும் நான் கூப்பன் பார்த்ததில்லை. நம் குழம்புச் சட்டியில் விழுகிற எதற்கும் இல்லை. டப்பாவில் பேர் போட்டு வருகிற சாமானுக்குத்தான்.

அந்தச் சலவைத் தூளையே எடுங்கள். நானும் அதே கூப்பனோடு நின்றேன். 2 கிலோ 15 வெள்ளி, கூப்பன் போக 11. பக்கத்துத் தட்டில் கடையின் சொந்தப் பேரில் 3 கிலோ 13 வெள்ளி. போனில் கணக்குப் போட்டேன்: கூப்பன் தூள் கிலோ 5.50, மற்றது 4.33. கூப்பனை மடித்து அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். துணி வெளுக்கத்தான் செய்கிறது.

சின்னக்கிராணி:
அக்கா, மைலோவுக்கு அப்படி மாற்று கிடையாதே. வேறு டப்பா வாங்கினால் பிள்ளைகள் தொடுவதில்லை.

ரெண்டாம்லயம்:
தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது என் அப்பாவுக்கு மூன்று வாரம் சம்பளம் வரவில்லை. தோட்டத்துச் சின்னக் கடையான ஒட்டுக்கடையின் முதலாளி ஒன்றும் பேசாமல் 555-இல் அடுத்த பக்கத்தைத் திருப்பி, "அரிசி 10" என்று எழுதிக் கொடுத்தனுப்பினார். எந்தக் கூப்பன் கடனுக்கு அரிசி கொடுக்கும்?

பால்டின்:
எங்கள் ஆயா கதை வேறு அண்ணே. எழுதப் படிக்கத் தெரியாது. கடைக்காரர் எழுதியதுதான் கணக்கு. எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு மின்சாரம் வந்த பிறகும் நாலைந்து மாதம் மண்ணெண்ணெய் எழுதியிருந்தது. பள்ளி விட்டு வந்து நான் கூட்டிப் பார்த்துத்தான் தெரிந்தது. கேட்டதற்கு "மறந்து எழுதிட்டேன் லா" என்றார். அந்த உறவுக்கும் விலை இருந்தது.

ரெண்டாம்லயம்:
அந்தக் கடை அப்படி. எல்லாக் கடையும் அப்படியா?

பால்டின்:
இல்லைதான். ஆனால் 2025-இல் 18 வயது ஆன எல்லாருக்கும் அரசாங்க உதவியாக ஐசியிலேயே (அடையாள அட்டையில்) 100 வெள்ளி விழுந்ததே, ஆகஸ்ட் 31 முதல் டிசம்பர் 31 வரை, அதை உங்கள் ஒட்டுக்கடையில் தட்ட முடிந்ததா? காசாகவும் எடுக்க முடியாது, பதிவு செய்த கடையில் குறிப்பிட்ட சாமான்தான். எங்கள் வீட்டில் நாலு பெரியவர்கள், 400 வெள்ளி. புத்தகத்தை நம்பி உட்கார்ந்திருந்தால் அது அப்படியே காலாவதி.

ரெண்டாம்லயம்:
அது சும்மா கிடைத்த பணம். கூப்பன் செலவழித்தால்தான் கிடைக்கும். இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

முருங்கைக்கீரை:
அதுதான் விஷயம். 92 வெள்ளிக்கு வாங்கிவிட்டு, வவுச்சருக்காக 8 வெள்ளிக்கு பிஸ்கட் எடுக்கிறோம் பாருங்கள், அங்கேதான் கடைக்காரன் சிரிக்கிறான். நாங்கள் நாலு வீடு சேர்ந்து ஒரே பில் போடுகிறோம். 100 தானாகத் தாண்டிவிடும், 10 வெள்ளியை நாலாகப் பிரித்துக்கொள்வோம். 1960-இல் நம் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தோட்டத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துக் கூட்டுறவுச் சங்கமே கட்டினார், நமக்கு ஒரு பில் சேர்க்க முடியாதா? இந்த ஞாயிறு வேன் போகிறது, இரண்டு இடம் காலி.

சின்னக்கிராணி:
ஒரு இடம் எனக்கு வையுங்கள் அக்கா. வேனுக்கு ஆளுக்கு எவ்வளவு?

முருங்கைக்கீரை:
7 வெள்ளி.

ரெண்டாம்லயம்:
கிராணி, இந்தத் தடவை செக்கப் இல்லை. அந்த 7 வெள்ளியை மளிகையில் எழுதுங்கள்.