துடைப்பச் சோளம் போட்டு விளக்குமாறு கட்டி விற்றால் கட்டுப்படியாகுமா? (பாபநாசம் பக்கம்)

படுகைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். பாபநாசம் பக்கம் நஞ்சை போக முக்கால் ஏக்கர் படுகை நிலம் இருக்கிறது, மணல் கலந்த மண், தண்ணீர் நிற்காது, போர் உண்டு. இத்தனை நாள் வாழைதான். ஒவ்வொரு காற்றுக்கும் சாய்ந்து சாய்ந்து வெறுத்துவிட்டது. கதிர் விரிந்து நீள நீளமாகக் குச்சி விடுகிற ஒரு சோளத்தை வெளிநாட்டில் இதற்காகவே பயிரிட்டு, கையால் துடைப்பம் கட்டி நல்ல விலைக்கு விற்பதை வீடியோவில் பார்த்தேன். அம்மாவும் சித்தியும் ஈர்க்கு விளக்குமாறு கட்டத் தெரிந்தவர்கள், அதனால் வேலைக்கு ஆள் தேட வேண்டாம். விதை எங்கே கிடைக்கும், எந்தப் பட்டத்தில் போடலாம், இங்கே விற்குமா? விதைக்கடைக்காரர் சோளம்தானே என்று ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினார், வாங்காமல் வந்துவிட்டேன்.

வடுவூர் வயக்காடு:
வாங்காமல் வந்தது நல்லது தம்பி. அவர் நீட்டியது அநேகமாகக் கோ.எஃப்.எஸ் 29 மாதிரி தீவனச் சோளமாக இருக்கும், அது மாட்டுக்கு அருமை, துடைப்பத்துக்கு ஒன்றுக்கும் ஆகாது. துடைப்பச் சோளமும் சோள இனம்தான், ஆனால் கதிரில் நடுத்தண்டு குட்டையாக நின்றுவிடும், அதன் கிளைகள் மட்டும் ஒன்றரை அடி, இரண்டு அடி என்று நீளும். அந்தக் கிளைகள்தான் உங்களுக்கு வேண்டிய சரக்கு. வெளிநாட்டுத் தளத்தில் விதையைப் பார்த்துத் தபாலில் வரவழைத்துவிடாதீர்கள், 2003 தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் வேண்டும். நம் நாட்டுக்குள் விதை வைத்திருப்பவர்களிடம் ஒரு கைப்பிடி வாங்கிப் பெருக்கிக்கொள்ளுங்கள். சுற்றுவட்டத்தில் வேறு சோளம் பூக்காமல் இருந்தால் அடுத்த வருஷ விதை கலக்காது, நம் பக்கம் யார் சோளம் போடுகிறார்கள், அந்தக் கவலை குறைவு.

பட்டம்தான் முக்கியம். குறுவை, சம்பா நினைப்பே வேண்டாம். ஐப்பசி கார்த்திகை மழையில் கதிர் நனைந்தால் குச்சி சிவந்து, பூசணம் பிடித்து, சாணி வாசலுக்குக்கூட ஆகாத சரக்காகிவிடும். தை கடைசியில் விதைத்தால் சித்திரையில் அறுக்கலாம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடிவிடுவார்கள் என்பதால் முழுக்கப் போர் தண்ணீரை நம்பித்தான் பயிர். முளைத்த முதல் மாதம் குருத்து ஈ பிடுங்கி எடுக்கும், நடுக்குருத்து காய்ந்து கையோடு வந்துவிடும். ஏக்கருக்கு ஐந்து கருவாட்டுப் பொறி கட்டுங்கள், விதையையும் கொஞ்சம் நெருக்கமாகப் போட்டுப் பின்னால் கலைத்துவிடுங்கள்.

அறுப்பில்தான் நெல்லுக்காரர்களான நமக்குக் கை தடுமாறும். மணி முற்றும்வரை காத்திருக்கக் கூடாது, பால் பிடித்து இறுகும் முன்பே, கதிர் பச்சையாக இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும். முற்றவிட்டால் மணியின் கனத்தில் குச்சி வளைந்து, நிறமும் போய், முறுக்கும் போய்விடும். சீக்கிரம் வெட்டுவதால் கிளிக்கும் பாதிதான் பங்கு. வெட்டிய கதிரைச் சித்திரை வெயிலில் போடாதீர்கள், நொறுங்கும். காற்றோட்டமான கொட்டகையில் பரண் கட்டி மெல்லிசாகப் பரப்பி, இரண்டு மூன்று வாரம் நிழலில் காய வேண்டும். கோடை மழை வந்தால் ஓடிப்போய் மூட ஒரு தார்ப்பாய் பக்கத்திலேயே இருக்கட்டும்.

பேராவூரணி அக்கா:
பயிர் விஷயம் அண்ணன் சொல்லிவிட்டார். எனக்கு ஒரே கேள்வி, வாங்கப்போவது யார்? இங்கே வீட்டுக்குள் பெருக்கப் பூந்துடைப்பம், அது மேகாலயா, அசாம் பக்கத்து மலைப்புல், லாரி லாரியாக வருகிறது. வாசலுக்கும் தோட்டத்துக்கும் ஈர்க்கு. இந்த இரண்டுக்கும் நடுவே உங்கள் சோளக் குச்சி எங்கே நிற்கும்? அதே விலைக்கு விற்றால் கூலிகூட மிஞ்சாது. எங்கள் பக்கம் 2018 கஜா புயலில் விழுந்தது போக மிச்சம் நிற்கிற தென்னையிலேயே மட்டை தினம் விழுகிறது, ஈர்க்குக்குப் பயிர்ச்செலவே இல்லை. அம்மாவுக்குக் கட்டத் தெரியும் என்கிறீர்களே, அதிலேயே நல்ல சீராகக் கட்டி, பிடிக்கு நைலான் போட்டு, மடங்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் மொத்தமாகக் கொடுத்துப் பாருங்களேன். சோளம் அப்புறம் பார்க்கலாம்.

படுகைக்காரன்:
அக்கா சொல்வது புரிகிறது. ஆனால் ஈர்க்கு கட்டாத வீடே எங்கள் தெருவில் கிடையாது, விலை சொன்னாலே சிரிக்கிறார்கள். வேறு மாதிரி ஒன்று செய்யலாமே என்றுதான் கேட்டேன்.

மடத்துத்தெரு கடை:
கும்பகோணத்தில் கைவினைப் பொருள் கடை வைத்திருக்கிறேன், அக்காவோடு பாதி ஒத்துப்போகிறேன். பூந்துடைப்பத்தோடு விலையில் மோதினால் தோல்விதான், சந்தேகமே வேண்டாம். ஆனால் இது வேறு சாமான். 1797 வாக்கில் அமெரிக்காவில் ஹாட்லி என்ற ஊரில் லீவை டிக்கின்சன் என்ற விவசாயி இந்தச் சோளத்தில் கட்டி விற்க ஆரம்பித்தார், பிறகு ஷேக்கர் என்ற மதக்குழுவினர் அதைத் தட்டையாக்கித் தைத்தார்கள். நின்றுகொண்டே பெருக்கலாம். குனிய முடியாத பெரியவர்கள் இருக்கிற வீடு, பிளாஸ்டிக் வேண்டாம் என்கிறவர்கள், தங்கும் விடுதிகள், இவர்கள்தான் உங்கள் வாடிக்கை. வாசலில் கூவி விற்கிற சரக்கு இல்லை. என் கடைக்கு வருகிறவர்களில் முதுகு வலி என்று நீளக் கைப்பிடி கேட்கிறவர்கள் நிறைய, அவர்களுக்குக் கொடுக்க என்னிடம் பிளாஸ்டிக்தான் இருக்கிறது.

கட்டும் முறையும் ஈர்க்கு மாதிரி இல்லை. மணியைச் சுத்தமாகச் சீவி எடுக்க வேண்டும், நாலு மணி ஒட்டியிருந்தாலும் எலி தேடி வரும். கட்டுவதற்கு முன் குச்சியை நனைத்துப் பதமாக்கினால்தான் இறுக்கும்போது ஒடியாது. உள்ளே குட்டைக் குச்சி, வெளியே நீளமான நல்ல குச்சி, கம்பியோ நைலானோ கொண்டு கைப்பிடியோடு சுற்றி இறுக்கி, பலகையில் நெரித்துத் தட்டையாக்கி நாலைந்து வரிசை தைக்க வேண்டும். ஒரு பெரிய துடைப்பத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் குச்சி பிடிக்கும். கைப்பிடிக்கு நம் கடலோரச் சவுக்கு இருக்கும்போது கடையில் ஏன் வாங்க வேண்டும்? மெல்லிசுச் சவுக்கைப் பட்டை உரித்து முழுக்கக் காயவிடுங்கள். ஈரம் இருந்தால் பின்னால் சுருங்கி, கட்டு முழுவதும் கழன்று வரும், வாங்கியவர் திரும்பக் கடைக்குத்தான் வருவார், என்னிடம்.

முதல் வருஷம் ஐந்து சென்ட் மட்டும் போடுங்கள், மிச்சத்தில் உளுந்து. கையகலத்தில் மேஜைத் துடைப்பம் கட்டிக் கொண்டுவாருங்கள், நன்றாக இருந்தால் கடையில் வைக்கிறேன். பெரிதாகச் செய்யும்போது மாவட்டத் தொழில் மையத்தில் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் கேளுங்கள், கிராமத்தில் பெண்கள் பெயரில் போட்டால் 35 சதவீதம் வரை மானியம். அம்மா பெயரிலேயே எழுதுங்கள்.

படுகைக்காரன்:
நன்றி அண்ணே, ஐந்து சென்டோடு ஆரம்பிக்கிறேன். சோளத்தட்டையை மாட்டுக்குப் போடலாமா? சீவிய மணி?

வடுவூர் வயக்காடு:
மணி பாதி பால் பிடித்ததுதான், காயவைத்துக் கோழிக்குப் போடுங்கள். தட்டையில் சத்து குறைவு, சக்கை, தீவனத்துக்கென்று கணக்குப் போடாதீர்கள். ஒன்று மட்டும் கவனம். அறுத்த கட்டையில் மறுபடி துளிர்க்கும், அந்த இளந்துளிரில் சயனைடு விஷம் இருக்கும், வாட்டத்தில் நிற்கிற இளம்பயிரிலும் அப்படித்தான். வேலி இல்லாத படுகையில் பக்கத்து வீட்டு மாடு வந்து மேய்ந்தால் வம்பு உங்களுக்கு. அறுத்த உடனே உழுதுவிடுங்கள்.