உச்சியில் உருண்டை வைத்த ஜெர்மன் தோல் தொப்பி: எந்தப் படையுடையது?

கோபிக்காரன்: வணக்கமுங்க. எங்கள் அப்பிச்சியின் டிரங்குப் பெட்டியில் ஒரு கறுப்புத் தோல் தலைக்கவசம் இருக்கிறது. உச்சியில் கூர்முனைக்குப் பதில் பித்தளைக் குண்டு. நெற்றியில் சிறகு விரித்த கழுகு, அதன் நெஞ்சில் எஃப்.ஆர். என்ற எழுத்துகள். எந்தப் படையுடையது? பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

பொள்ளாச்சி அண்ணன்: புளி மட்டும் போட்டுடாதீங்க தம்பி! பழைய மெருகு போனால் போனதுதான், ஈரம் இறங்கினால் தோலும் கெட்டுவிடும். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

கழுகு, ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் சின்னம். எழுத்துகள் ‘ஃபிரெடெரிகஸ் ரெக்ஸ்’, அதாவது மன்னர் ஃபிரெடரிக். நான்காம் ஃபிரெடரிக் வில்ஹெல்ம் 1842இல் கொண்டுவந்த வகைத் தொப்பி இது. காலாட்படைக்குக் கூர்முனை, பீரங்கிப் படைக்குக் குண்டு. ஆக, உங்களுடையது பீரங்கிக்காரர் தொப்பி. தாடைவார் மாட்டும் இடத்தில் வண்ண வட்டத் தகடுகள் இருக்கிறதா பாருங்கள்.

கோபிக்காரன்: வலப்பக்கம் கறுப்பு, வெள்ளை, சிவப்பு. இடப்பக்கத் தகட்டைக் காணோமுங்க.

பொள்ளாச்சி அண்ணன்: அருமை! அந்த மூவண்ணம் ஜெர்மன் பேரரசுக்கானது, 1897இல் சேர்த்தார்கள். அதற்குப் பிறகும் தொப்பி புழக்கத்தில் இருந்திருக்கிறது. இடப்பக்கம் பிரஷ்யாவின் கறுப்பு-வெள்ளை-கறுப்பு இருந்திருக்கும். புதிதாக வாங்கி மாட்டாதீர்கள், காலியிடமும் அதன் வரலாறுதான்.

ஈரோட்டு மஞ்சள்: இன்னொரு ஜெர்மன் அரசான பவேரியாவின் தொப்பியில் கழுகு இராது, கேடயம் தாங்கிய இரண்டு சிங்கங்கள் இருக்கும். அப்புறம், 1915 மாதிரியில் பித்தளைக்குப் பதில் சாம்பல் நிற இரும்புத் தகடு. 1916இல் எஃகுக் கவசம் வந்ததும் போர்முனையில் இதன் காலம் முடிந்தது.