எச்சிலில் மிதந்த வெள்ளை நூல்: மூலக்கூறுகளை நேரில் பார்த்த சிலரின் அனுபவங்கள்

உயிர்வேதியியல் என்றாலே எனக்கு மனப்பாடம்தான். கார்போஹைட்ரேட், புரதம், கொழுப்பு, நியூக்ளிக் அமிலம் என நான்கு தலைப்புகள். தேர்வு முடிந்த மறுநாளே நான்கும் பறந்துவிட்டன. பல வருடம் கழித்து, மகளின் செய்முறைப் பாடத்துக்குத் துணைக்கு உட்கார்ந்தபோதுதான் அதில் ஒன்றை, டி.என்.ஏ. என்ற நியூக்ளிக் அமிலத்தை, கண்ணால் பார்த்தேன்.

உப்புத் தண்ணீரை ஒரு நிமிடம் கொப்பளித்துக் கண்ணாடிக் குவளையில் துப்பினாள். கன்னத்தின் உட்புறச் செல்கள் அதில் வந்துவிடும். பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டோம். செல்லின் சவ்வுக்கு அடிப்படையே கொழுப்பு அடுக்குதான். பிசுக்கைக் கரைக்கும் சோப்புக்கு அதை உடைப்பது பெரிய வேலையில்லை. அப்புறம் குளிரவைத்த ஆல்கஹாலைக் குவளையின் ஓரமாக வழியவிட வேண்டும்.

முதல் தடவை ஒன்றும் வரவில்லை. ஆர்வக்கோளாறில் நான் குவளையைக் குலுக்கிவிட்டேன். நுரைதான் பொங்கியது, இழைகள் துண்டு துண்டாகியிருக்கும். "அப்பா, நீங்க தொடாதீங்க" என்று மறுபடி அவளே செய்தாள். இந்த முறை இரண்டு திரவங்களும் சந்திக்கும் இடத்தில் பனிமூட்டம் போல ஏதோ தெரிந்தது. சிறு குமிழிகளைப் பிடித்துக்கொண்டு வெள்ளை நூல்கள் மெல்ல மேலேறின. பல்குத்தும் குச்சியில் சுற்றி எடுத்தோம். உண்மையைச் சொன்னால், மூக்குச்சளி மாதிரிதான் இருந்தது.

டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைப் பார்த்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். அதன் தடிமன் 2 நானோமீட்டர்தான். நாங்கள் பார்த்தது ஏராளமான செல்களின் டி.என்.ஏ. திரண்ட சிக்கல், கொஞ்சம் புரதமும் ஒட்டியிருக்கும். டி.என்.ஏ.வில் உள்ள பாஸ்பேட்டுகளின் எதிர்மின்னூட்டத்தை உப்பு அடக்குவதால் இழைகள் ஒன்றையொன்று தள்ளுவதில்லை. ஆல்கஹாலில் கரையாமல் திரண்டு வெளியே வந்துவிடுகின்றன. ஒரு செல்லில் இருப்பதை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வருமாம் என்றேன். அவள் குச்சியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல பாதி நீங்கதானேப்பா?" என்றாள்.

*

எச்சிலோடு தப்பித்தீர்கள். 1869-இல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானி மீஷர் டி.என்.ஏ.வைக் கண்டுபிடித்தது மருத்துவமனைக் கட்டுத்துணிகளில் இருந்த சீழில். சீழ் என்பது பெரும்பாலும் வெள்ளணுக்கள்தானே. செல் கருவிலிருந்து வந்ததால் 'நியூக்ளின்' என்று பெயர் வைத்தார். அந்த நாற்றத்தை நினைத்தால் எனக்கு என் ஆய்வகம் சொர்க்கம்.

*

என்னுடையதும் எச்சில் கதைதான். மாவுச்சத்துக் கரைசலில் அயோடின் விட்டால் கருநீலம். அதில் உமிழ்நீரைச் சேர்த்துக் காத்திருந்தால் நிறம் மங்கும். உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை வெட்டிவிடுகிறது. இன்னொரு குழாயில் கொதிக்கவைத்து ஆறவைத்த உமிழ்நீர். அது நிறம் மாறாமல் நிற்க வேண்டும். எங்கள் மேசையில் மட்டும் இரண்டுமே வெளுத்துவிட்டன! பெரிய கண்டுபிடிப்பு என்று இருவரும் துள்ளினோம். ஆசிரியை ஒரே கேள்விதான் கேட்டார்: "கொதிக்க வச்சீங்களா, தீயில காட்டிட்டு எடுத்தீங்களா?" காட்டிவிட்டுத்தான் எடுத்திருந்தோம்.

மறுபடி நன்றாகக் கொதிக்கவைத்தோம், நீலம் அசையவில்லை. அன்றைக்குத்தான் புரிந்தது: நொதி ஒரு புரதம், சூட்டில் அதன் அமினோ அமிலச் சங்கிலி அறுந்துபோவதில்லை, அது மடிந்திருக்கும் விதம்தான் குலைகிறது. மாவுச்சத்து வந்து பொருந்தும் இடமே இல்லாமல் போனால் நொதி எதை வெட்டும்?

*

ஒரு சின்ன விஷயம். முழங்கால் சிராய்ப்பில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நுரைக்குமே, கிருமிகள் சாகிற சத்தம் என்றுதான் ரொம்ப நாள் நம்பியிருந்தேன். ஒருநாள் அதே புட்டியிலிருந்து கொஞ்சம் கைக்குட்டையில் சிந்தியது. ரத்தக்கறை இருந்த இடம் மட்டும் சுர்ரென்று நுரைத்தது, சுற்றியிருந்த துணி சும்மா நனைந்து கிடந்தது. ரத்தத்தில் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறது என்று பிறகு படித்தேன். கறையும் பாதி போய்விட்டது.