எயார் எடுத்தும் சரிவராத பிரேக்: உங்கட அனுபவத்தையும் சொல்லுங்க

கல்லடிக்காரன்:
பிரேக் பெடல் மெத்தெண்டு உள்ளுக்குப் போகுது எண்டு ஆரிட்டச் சொன்னாலும் வாற பதில் ஒண்டுதான்: "எயார் நிக்குது, எடுத்தாச் சரி." பிரேக் ஒயில் ஓடுற குழாய்க்குள்ள நிக்கிற காத்தை வெளிய எடுக்கிறதத்தான் சொல்லுறாங்க. என்ர காருக்கும் எடுத்தாங்க. கொஞ்ச நாள் நல்லா நிண்டது, மறுகா பழைய கதை. திரும்பவும் எயார், திரும்பவும் காசு. காத்து உள்ளுக்குப் போகுதெண்டா ஒயில் வெளிய வாறதுக்கும் ஒரு வழி இருக்கோணும்தானே? அதைத் தேடாம காத்தை மட்டும் வெளிய அனுப்பி என்ன பிரயோசனம்?

பொனட்டைத் திறந்து பிரேக் ஒயில் போத்தலைப் பாத்தன். அளவு கீழ்க் கோட்டுக்குக் கிட்ட. பிரேக் பாட் தேயத் தேய ஒயில் மெல்ல இறங்கும், அது வழமை. நிரப்பிக் கொஞ்ச நாளைக்குள்ள இறங்கினா அது தேய்மானம் இல்ல, கசிவு. நாலு சில்லையும் குனிஞ்சு பாத்தன். இடப்பக்கப் பின் டயரின்ர உள்பக்கத்தில ஈரமா ஒரு கோடு. மாரிகாலமெண்டா மழைத்தண்ணியெண்டு விட்டிருப்பன், அது நல்ல கொளுத்துற வெயில்.

அந்தச் சில்லின்ர பிரேக்கை மூடியிருக்கிற ட்ரம்மைக் கழட்டவே பெரும்பாடு. கடக்கரைக் காத்துக்குத் துருப்பிடிச்சு ஒட்டிக் கிடந்தது. ஒயில் அமுக்கத்தில பிரேக்கைத் தள்ளுற வீல் சிலிண்டரின்ர தூசி றப்பரை கராஜ் பாஸ் நகத்தால நெம்ப, உள்ளுக்கிருந்து கறுப்பா வடிஞ்சது. சிலிண்டர் சுவரில துருப்புள்ளி. றப்பரை மட்டும் மாத்தினா அந்தப் புள்ளி புது றப்பரையும் அரிச்சிரும் எண்டார், முழுச் சிலிண்டரும் புதுசு போட்டம். ட்ரம்மில உரசி நிப்பாட்டுற லைனரும் ரெண்டு பக்கமும் மாத்தினம். ஒயில் குடிச்ச லைனரைக் கழுவிக் காயவைச்சுப் போடலாமெண்டு சொல்லுற ஆக்களும் இருக்காங்க, கேக்காதீங்க. அதுக்குப் பொறகு எடுத்த எயார்தான் நிண்டுபிடிக்குது.

அக்கரைப்பற்று நானா:
தம்பி, உங்கட கதை கசிவு. எங்கட வேன்ல ஒரு சொட்டும் கசியல்ல, ஆனா பெடல் போன போக்கு அல்லாஹ்தான் காப்பாத்தினான்.

கண்டிக்குப் போய்ட்டு மஹியங்கனைப் பக்கமா வாறம். அந்த 18 வளைவு மலை இறக்கம் தெரியும்தானே? வேன் நிறையச் சனம். மூத்த மகன் ஓட்டோ கியரை 'டி'யிலயே போட்டு, காலைப் பிரேக்கில வைச்ச வாக்கில இறக்குறான். கடைசி வளைவுகளுக்கு வரக்குள்ள "வாப்பா, பெடல் பஞ்சு மாதிரி போகுது" எண்டான். கியரைக் குறைக்கச் சொல்லி, ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து ஓரத்தில நிப்பாட்டினம். பின்னால உம்மா ஓதத் தொடங்கிட்டா. நல்லாச் சூடு ஆறினாப் பொறகு மிதிச்சுப் பாத்தா பெடல் கல்லு மாதிரி நிக்கிது!

கோளாறு ஒயில்ல. பிரேக் ஒயில் காத்தில இரிக்கிற ஈரத்தை உறிஞ்சும். டொட் 3, டொட் 4 எண்டு பிரேக் ஒயில்ல தரம் இரிக்கி. புது டொட் 3 ஒயில் 205 பாகை செல்சியஸ் வரைக்கும் கொதிக்கக் கூடாது எண்டுதான் விதி. அதில 3.7 வீதம் தண்ணி கலந்திட்டா 140 வரைக்கும் இறங்கலாம். டொட் 4 எண்டா 230, 155. இறக்கத்தில பிரேக் சூடாகி உள்ளுக்கு ஒயில் கொதிச்சா ஆவி உண்டாகும். ஒயில் அமுங்காது, ஆவி அமுங்கும். அதான் பெடல் உள்ளுக்குப் போகுது, ஆறினா திரும்ப வருது. வேன் வாங்கக்குள்ள இருந்த ஒயில் அது, தேத்தண்ணி நிறத்தில இரிந்திச்சி. இப்ப ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா முழுசா மாத்துறம், இறக்கத்துக்குச் சின்னக் கியர்தான்.

ஸ்பேனர் தம்பி, கல்முனை:
கராஜில நிக்கிற எனக்கு உங்க ரெண்டு பேரின்ர கதையும் புதுசில்ல. பெடலை மிதிச்சாலே பாதி விளங்கும். முதல் மிதியில கீழ போய் ரெண்டாவது மிதியில மேல வந்து நிண்டா, பெரும்பாலும் பின் ட்ரம் லைனர் விலகி நிக்குது, லைனரைக் கிட்டக் கொண்டுவாற அட்ஜஸ்டர் துருவில இறுகியிருக்கும். ஹேண்ட்பிரேக்கும் வழமையை விடக் கூடத் தூரம் இழுபடும். மிதிக்க மிதிக்க ஸ்பிரிங் மாதிரித் திருப்பித் தள்ளினா, அது மெய்யாவே எயார்.

போன மாரிக்குப் பொறகு வந்த ஒரு காரைச் சொல்லோணும். வேற எங்கயோ, முன் சில்லில பிரேக் பாட்டை அமுக்கிற கலிப்பர் ரெண்டும் கழட்டி றப்பர் மாத்தியிருக்காங்க. அண்டையில இருந்து பெடல் வரல்ல. போத்தல் போத்தலா ஒயில் ஊத்தி, பெடலை மிதிக்க ஒயிலைத் தள்ளுற மாஸ்டர் பம்பும் புதுசு போட்டாச்சு, அப்பவும் அதே பொதபொதப்பு. சில்லைக் கழட்டிப் பாத்தா எயார் எடுக்கிற நிப்பிள் கலிப்பரின்ர அடியில நிலத்தைப் பாத்துக் கிடக்கு. இடது வலதை மாத்திப் பூட்டியிருக்காங்க! காத்து மேலதானே போய் நிக்கும்? அடி நிப்பிளால நாள் முழுக்க ஒயில்தான் வரும். மாத்திப் பூட்டினம், எயார் எடுத்தம், காரைக் குடுத்தனுப்பினம். புது மாஸ்டர் பம்புக்குப் போன காசுதான் பாவம்.

கல்லடிக்காரன்:
மாஸ்டர் பம்ப் பழுதோ இல்லையோ எண்டு மாத்த முந்தியே கண்டுபிடிக்க ஏலாதா தம்பி?

ஸ்பேனர் தம்பி, கல்முனை:
ஏலும் அண்ணன். எஞ்சினை நிப்பாட்டிப் போட்டு, பெடல் இறுகிற வரைக்கும் மிதிங்க. மறுகா ஒரே அளவாக் காலை அழுத்திப் பிடிங்க. வெளியில எங்கயும் கசிவில்லாம பெடல் மெல்ல மெல்லக் கீழ இறங்கினா, உள் றப்பர் ஒயிலை விடுது, மாஸ்டர்தான். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணக்குள்ள பெடல் கொஞ்சம் தாழும், அது மிதிக்கிற பலத்தைக் கூட்டிக் குடுக்கிற பூஸ்டர் வேலை செய்யிற அடையாளம், பயப்பிடாதீங்க.

இன்னொண்டு, பழைய காருக்கு எயார் எடுக்கக்குள்ள பெடலைத் தரைமட்டும் மிதிக்க விடாதீங்க. வழமையாப் போகாத இடத்தில சிலிண்டருக்குள்ள துருவும் அழுக்கும் இருக்கும், றப்பர் அதில உரஞ்சிக் கிழியும். நாங்க பெடலுக்கு அடியில ஒரு மரக்கட்டை வைப்பம்.

அக்கரைப்பற்று நானா:
மருமகனுக்கிட்ட ஹைபிரிட் ஒண்டு இரிக்கி. அதுக்கும் இப்பிடி மிதிச்சு எடுக்கலாமா?

ஸ்பேனர் தம்பி, கல்முனை:
பெரும்பாலான ஹைபிரிட்டுக்குச் சரிவராது நானா. கம்பியூட்டரைச் செருகி, உள்ளுக்கிருக்கிற மின் பம்பை ஓடவிட்டுத்தான் எடுக்கோணும். வாகனத்தைக் குடுக்க முந்தி அந்த மெஷின் இருக்கா எண்டு கராஜில கேக்கச் சொல்லுங்க.